தொப்பிப் பாசியும் எலிக் கங்காருவும்

சாலைக் கடைத்தெருவில் ஒரு கயிற்று மண்டியின் மாடியில் நடந்த இயற்கை விஞ்ஞான மாலை வகுப்பில் வருஷா வருஷம் ஒரு சடங்கு உண்டு. மேஜைமேல் இரண்டு பிஸ்கோத்து டின்களை வைப்பார்கள். ஒன்றில் செடிகொடிகளின் பெயர் எழுதிய சீட்டுகள், மற்றதில் பிராணிகளின் பெயர்கள். முதலாண்டு மாணவர்கள் டினுக்கு ஒரு சீட்டாக எடுத்து, வந்த இரண்டுக்கும் என்ன ஒற்றுமை என்று ஆண்டு விழாவில் கால்மணி நேரம் பேச வேண்டும். வேற்றுமை சொல்லித் தப்பிக்க முடியாது.

"வேத்துமை எவனும் சொல்லுவான் வே. யானைக்கும் பூனைக்கும் வேத்துமை சொல்ல ஒரு வகுப்பு வேணுமா?" என்பார் காரியதரிசி தாணுலிங்கம் பிள்ளை.

நன்றாகப் பேசியவர்கள் இரண்டாமாண்டுக்குப் போவார்கள்; மைக்ராஸ்கோப்பைத் தொடலாம். பேசத் தெரியாதவர்கள் முதலாண்டு பெஞ்சிலேயே இருக்க வேண்டியதுதான். மூன்று தடவை தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

பட்டாபி ஏற்கெனவே இரண்டு தடவை தவறியிருந்தான். முதல் வருஷம் அவனுக்கு வந்தவை பலாவும் பல்லியும். ஒரு மாதம் யோசித்தும் வேற்றுமைகள்தான் வரிசையாக வந்தன. அடுத்த வருஷம் தாமரையும் தவளையும். இரண்டும் தண்ணீரில் இருப்பவை, பிழைத்தோம் என்றுதான் மேடை ஏறினான். ஆனால் எதையும் அடியிலிருந்து ஆரம்பிப்பது அவன் சுபாவம். தண்ணீரின் குணங்களை ஒவ்வொன்றாக விளக்கி, குளத்தை வர்ணித்து, தாமரையை மலரவைத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. தவளை கரையிலேயே உட்கார்ந்திருந்தது.

இந்தத் தடவை அவன் எடுத்த சீட்டுகளைப் பிள்ளை உரக்கப் படித்தார்.

"தொப்பிப் பாசி. எலிக் கங்காரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "பட்டாபி சாமி, உமக்குன்னு எங்கேயிருந்துதான் வருதோ!"

மாடி குலுங்கச் சிரித்தார்கள். எலிக் கங்காரு எது என்று எல்லோருக்கும் தெரியும். வகுப்பின் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சு அடைத்து நின்றது. சீமைக்குத் திரும்பிய ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது, பெட்டி நன்றாக இருக்கிறதே என்று பிள்ளை எடுத்து வந்தது அது. பெருச்சாளியைவிடக் கொஞ்சம் பெரிசு, பின்னங்கால் நீளம், முகத்தில் எதையோ மறந்துவிட்டு யோசிக்கிற பாவனை. பக்கத்தில் ஆங்கிலத்தில் பெயர்ச்சீட்டு இருந்திராவிட்டால் பெருச்சாளி என்றே வைத்திருப்பார்கள்.

வீட்டுக்குச் செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. பட்டாபியின் அண்ணா அனந்தபத்மநாபன் கிழக்கேகோட்டையில் காப்பிப்பொடிக் கடை வைத்திருந்தான். இரவுச் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தான்.

"இதோ பாருடா. ரெண்டு வருஷம் பொறுத்தாச்சு. சாயங்காலம்தான் கடையில கூட்டம். நான் ஒருத்தன் வறுப்பேனா, அரைப்பேனா, பொட்டலம் மடிப்பேனா? இந்தத் தடவை பேரை அடிச்சுட்டான்னா விழா முடிஞ்ச கையோட கடைக்கு வந்துடு. அப்புறம் சாயங்காலம்னா கடைதான்."

"சரிண்ணா."

"சரிங்கறானே தவிர, பேசி ஜயிச்சுக் காட்டறேன்னு வாயில வரதா பாருங்கோ," என்றாள் மன்னி, ரசம் ஊற்றிக்கொண்டே.

வரவில்லைதான். பகல் முழுக்க ஒரு வக்கீல் ஆபீசில் அவர் சொல்வதை டைப் அடிப்பது பட்டாபியின் வேலை. ஒரு வார்த்தையை மாற்றக்கூடாது. ஏன் என்று கேட்கக்கூடாது. சாயங்காலம் அந்த மாடிப்படி ஏறினால்தான், பாசி ஏன் பச்சையாக இருக்கிறது என்று அவன் பாட்டுக்குக் கேட்கலாம். அந்த நேரமும் போய்விட்டால் காப்பிக்கொட்டை ஏன் கறுப்பாகிறது என்று கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அதற்குப் பதில் அவனுக்கே தெரியும்.

வகுப்பிலிருந்த தாவரப் புத்தகத்தை அவன் இரவல் வாங்கி வந்து முதல் பக்கத்திலிருந்து படித்தான். பாசி வருகிற இடத்துக்கு வருவதற்கே பல நாள் ஆயிற்று. வந்தபோது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டான்.

"வாலா! இங்கே வாயேன்!"

அவன் மனைவி வாலாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அது ஆறாம் மாசம்.

"பாசிக்குக் குழந்தை பொறந்தா அது தரையில விழறதில்லை. அம்மா தலைமேலயே நிக்கறது. அங்கேயே நின்னுண்டு அம்மா கொடுக்கற சாரத்தைக் குடிக்கறது. போறாத்துக்கு, அம்மா தன் உடம்புலேர்ந்தே ஒரு ரோமத் தொப்பி பண்ணி அதுக்குப் போட்டு மூடறா. எலிக் கங்காருவும் அதையேதான் பண்றது! குட்டி பயறு மணியாட்டமாப் பொறக்கும். ஊர்ந்து போய் அம்மா வயித்துல இருக்கற பைக்குள்ள நுழைஞ்சு, பால் காம்பைக் கவ்விண்டு தொங்கும். அதுவும் ரோமப் பை!"

"ரெண்டு பேரும் பெத்தப்புறமும் சுமக்கறா," என்றாள் வாலாம்பாள். "பாவம். எனக்குப் பத்து மாசத்தோட போயிடும்."

"ஒற்றுமை கிடைச்சுடுத்து, வாலா!"

"அப்போ சிரிக்க வேண்டியதுதானே? ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

ஏனென்றால் அவனுக்கு அதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. சொன்னால் நம்புவார்களா? கண்ணால் காட்ட வேண்டாமா? கங்காரு பெட்டியில் தயாராக நிற்கிறது. குழந்தையோடு இருக்கிற தொப்பிப் பாசிக்கு எங்கே போவது?

கல்லாற்றுக்கு மேலே மலைப்பாதை வெட்டிய மண்சுவர்களில் அது வளர்கிறது என்று சொன்னவன் ராஜமணி. அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவன். போன வருஷமே தேறி இரண்டாமாண்டுக்குப் போய்விட்டவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நெடுமங்காடு வரை பஸ்ஸிலும், அப்புறம் ஒரு சரக்கு லாரியின் பின்னாலும், கடைசியில் நடந்தும் போய்ச் சேர்ந்தார்கள். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மண்சுவர் முழுக்கப் பச்சைப் பட்டு விரித்த மாதிரி பாசி.

"இதா, இதைப் பாரும் பட்டாபி," என்று ராஜமணி ஒரு திட்டைக் காட்டினான். "நூல் நூலா நிக்குது. நுனியில என்னமோ கடுகு மாதிரி இருக்கு."

பட்டாபி குனிந்து பார்த்தான். பழுப்பு நிறத்தில், சுருங்கின பஞ்சுத் துணுக்கு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. புத்தகத்தில் அந்தக் குழந்தையின் படம் தேங்காய் அளவுக்கு, தொப்பியும் காம்புமாக ஜம்மென்று போட்டிருந்தது.

"அது காஞ்சு போச்சு, ராஜமணி. பழசு. இதைப் பாருங்கோ."

கொஞ்ச தூரம் தள்ளியிருந்த திட்டில் ஒவ்வொரு செடியின் நுனியிலும் செம்மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு கிண்ணம் இருந்தது. மண்சுவர் பூராவும் குட்டிப் பூக்கள் பூத்த மாதிரி.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. பூவேதான்," என்று ராஜமணி ஒத்துக்கொண்டான்.

"பூத்தா காய்க்காம இருக்குமா? இந்தக் கிண்ணத்துலேர்ந்துதான் குழந்தை வரும். விழாவுக்குள்ள வந்துடும்."

மண்ணோடு பெயர்த்து வாழைப்பட்டையில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு வந்தான். லாரி குலுங்கும்போதெல்லாம் கையால் அணைத்துக்கொண்டான். லாரிக்காரன் உள்ளே என்ன கண்ணாடிச் சாமானா என்று கேட்டான்.

அன்றிலிருந்து பாசி வலியசாலை வீட்டுக் கிணற்றடியில், ஒரு உடைந்த பீங்கான் ஊறுகாய்ப் பரணியில் குடியேறியது. காலையில் தண்ணீர் தெளிப்பான். பூதக்கண்ணாடியால் கிண்ணம் கிண்ணமாகப் பார்ப்பான். ஆபீசிலிருந்து வந்ததும் மறுபடி. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாலாம்பாளை விசாரித்த கையோடு பாசியையும் விசாரித்தார்கள்.

"எனக்கும் அதுக்கும் பந்தயம்," என்றாள் வாலாம்பாள். "யார் முந்தறான்னு பார்க்கலாம்."

"அதுக்கு மசக்கை உண்டோ?" என்று மன்னி கேட்டாள். "மாங்காய் ஏதாவது நறுக்கி வைக்கட்டுமா?"

ஒருநாள் அவன் தெருமுனையில் வரும்போதே வாலாம்பாளின் குரல் கேட்டது. "ஏன்னா! ஓடி வாங்கோ! உங்க பாசிக்குப் பொறந்துடுத்து!"

செருப்போடு கிணற்றடிக்கு ஓடினான். ஒரு கிண்ணத்தின் நடுவிலிருந்து பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. மன்னி சர்க்கரை டப்பாவோடு வந்து நின்றாள். பட்டாபி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். காம்பு இல்லை. தொப்பி இல்லை. முளையைச் சுற்றி இலை, அதன் மேல் இலை. கிண்ணத்தைத் துளைத்துக்கொண்டு அதே செடிதான் மேலே வளர்ந்திருந்தது.

"இது வெறும் இலை."

"சர்க்கரையைக் கையில எடுத்தாச்சு," என்று மன்னி ஆளுக்கு ஒரு துளி வாயில் போட்டாள். "இலையா இருந்தா என்ன? நல்ல மாதிரியா இருந்தா சரி."

அன்று அவனுக்கு இரண்டாவது சந்தேகம் வந்தது. பாசியை மட்டும் இத்தனை பார்க்கிறோமே, கங்காருவின் பையை யாராவது பார்த்திருக்கிறார்களா? அது வயிற்றைப் பலகையில் அழுத்தி, குனிந்து நிற்கிறது. பெட்டியைச் சுற்றி மூன்று தடவை தரையில் படுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் போனான்.

"ஒரு நிமிஷம் திறந்து காட்டினா போறும், சார்."

"திறக்கவா? மக்குப் பசை வச்சு அடைச்சிருக்குவே. திறந்தா அந்துப்பூச்சி பூந்துரும். விழா அன்னைக்கு உம்ம கண்ணு முன்னால, எல்லாரும் பாக்கத் திறப்போம். அதுக்குப் பொறவு அதில கடிகாரத்தை வைக்கதா தீர்மானம் ஆயாச்சு. கங்காருன்னா பை இருக்கும்வே. சாமி சும்மா பயந்து பேடிக்கப்பிடாது."

விழா நாள் வந்தது. பாசி பிரசவிக்கவில்லை. பரணியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டாபி கிளம்பினான். வாலாம்பாள் வாசல்வரை வந்தாள்.

"வழியில பொறந்தாலும் பொறக்கும். குலுக்காம போங்கோ."

மாடி நிறைந்திருந்தது. பெண்கள் பெஞ்சில்கூட இடமில்லை. அண்ணா கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வந்து, கறுப்புக் குடையும் சாவிக்கொத்துமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். தம்பியைப் பார்த்ததும் சாவியை லேசாக ஆட்டிக் காட்டினான்.

முதலில் பேசியவன் வெற்றிலைக்கும் வௌவாலுக்கும் ஒற்றுமை சொல்லிக் கைதட்டல் வாங்கினான். அடுத்தது பட்டாபி. நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தான். தவளைக்கு நேர்ந்த கதி நினைவிருந்ததால் இந்தத் தடவை முன்னுரையே இல்லை. பாசித்தாய் தலைமேல் சுமப்பதையும், கங்காருத்தாய் வயிற்றில் சுமப்பதையும் சொன்னான். எல்லோரும் கேட்டார்கள். பெண்கள் பெஞ்சில் ஒருத்தி தலையை ஆட்டினாள். அவனுக்குத் தைரியம் வந்தது.

"இப்போ அந்தப் பையை நீங்களே பார்க்கலாம்," என்றான்.

பிள்ளை பேனாக்கத்தியால் மக்கைச் சுரண்டினார். கண்ணாடி விலகியதும் பாச்சா உருண்டை வாசனை மாடி முழுக்கப் பரவியது. செத்த ஜந்துவைத் தொட்டால் பட்டாபியைக் குளிக்காமல் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் தூக்குகிற வேலையை ராஜமணி ஏற்றிருந்தான். அவன் எலிக் கங்காருவைப் பலகையிலிருந்து பெயர்த்து, வைக்கோல் உதிர உதிர, சபைக்கு நேராக மல்லாத்திப் பிடித்தான்.

வயிறு வழவழவென்று இருந்தது. நடுவே ஒரு நேர்த்தையல். பை இல்லை.

"பையைக் காணோம்!" என்றது ஒரு குரல்.

"சாலைக் கடைத்தெருவிலதானே இருக்கோம். கீழே போய் ஒண்ணு வாங்கிட்டு வரட்டும்!" என்றது இன்னொன்று.

ராஜமணி குனிந்து இன்னும் கொஞ்சம் கீழே பார்த்தான். "அய்யோ! இது ஆம்பளை!" என்று சொல்லிவிட்டு, பெண்கள் பெஞ்சு நினைவுக்கு வந்து, தோள்துண்டை எடுத்து அவசரமாகக் கங்காருவின் இடுப்பில் சுற்றினான். அத்தோடு சபை உருண்டு விழுந்தது. மூலைக்கச்சம் கட்டின மாதிரி துண்டோடு அது எல்லோரையும் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தது.

பட்டாபி காகிதத்தைப் புரட்டினான். மீதி இருந்த இரண்டு பக்கமும் பையைப் பற்றித்தான். கடைசி வரிசையில் அண்ணா எழுந்து குடையை எடுத்துக்கொள்வது தெரிந்தது. இனிக் காட்டுவதற்குப் பரணிதான் பாக்கி. துண்டை அவிழ்த்தான். கிண்ணம் கிண்ணமாக, ஒரு குழந்தையும் இல்லாமல், பூத்துக்கொண்டு நின்றது பாசி.

அவன் அதையும் கங்காருவையும் மாறி மாறிப் பார்த்தான். புத்தகத்தில் படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்த வரி அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவ்வகைப் பாசியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் நுனி கிண்ணம் போலிருக்கும். அதை அவன் இரண்டு தடவை படித்திருந்தான். படம் பெரிசாக இருந்ததால் எழுத்து மனதில் தங்கவில்லை.

"இதுவும் ஆம்பளை," என்றான் பட்டாபி.

அவன் அதை யாருக்கென்றும் சொல்லவில்லை. தானாக வாயில் வந்தது. ஆனால் சிரிப்பு சட்டென்று அடங்கிவிட்டது.

"என்னவே சொல்லுதீர்?" என்றார் பிள்ளை.

"இந்தப் பாசியும் ஆண்தான். கல்லாத்துல தாய்ப்பாசி பக்கத்துலயே இருந்தது. ராஜமணி காட்டினார். நான்தான் காஞ்சு போச்சுன்னு விட்டுட்டு, அழகா இருக்கேன்னு இதை எடுத்துண்டு வந்தேன். ஒரு மாசமா ஆம்பளைக்குத் தண்ணி ஊத்திண்டு, எப்போ பெத்துக்கும்னு காத்துண்டிருந்திருக்கேன்." காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தான். "ரெண்டுக்கும் ஒற்றுமை சொல்லச் சொன்னேள். எழுதிண்டு வந்ததைவிட இது நல்ல ஒற்றுமை. ரெண்டும் தகப்பனார். ரெண்டு பேர்கிட்டயும் பை இல்லை, தொப்பி இல்லை, குழந்தையும் இல்லை. சுமக்கறவா வேற எங்கேயோ இருக்கா. ரெண்டு பேரும் நன்னா அலங்காரம் பண்ணிண்டு சபைக்கு வந்து நிக்கறா."

மறுபடி சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. பெண்கள் பெஞ்சில்தான் அதிகம்.

"அப்போ தகப்பனுக்கு வேலையே இல்லியா, ஐயரே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"இருக்கு. அண்ணா, அந்தக் குடையைக் கொடுங்கோ."

வாசலுக்குத் திரும்பியிருந்த அண்ணா அப்படியே நின்றான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் மேடைக்கு வந்தான். பட்டாபி குடையை விரித்து, பரணிக்குப் பின்னால் திரைபோலப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். மேஜைமேல் இருந்த டம்ளர் தண்ணீரில் விரலை முக்கி, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, ஒரு துளியை விட்டான். அது குறி தவறி மண்ணில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது துளி ஒரு கிண்ணத்துக்குள் விழுந்து நாலாபக்கமும் சிதறியது. கறுப்புத் துணிமேல் பொடிப்பொடியாக ஈரப் புள்ளிகள் மின்னின. ஒன்று பிள்ளையின் கண்ணாடியில்.

"இதுதான் வேலை," என்றான் பட்டாபி. "மழைத்துளி கிண்ணத்துல விழுந்தா தெறிக்கும். அந்தத் தெறிப்புல ஏறி ஆண் அணு தாய்ச்செடிக்குப் போகும். அதனாலதான் இந்தக் கிண்ணம், இந்த அழகு எல்லாம். மழை வரவரைக்கும் இவன் வாயைத் திறந்துண்டு நிக்க வேண்டியதுதான். காரியம் முடிஞ்சா இவனை யாரும் விசாரிக்கறதில்லை. நம்ம எலிக் கங்காருவை யாரும் விசாரிக்கறதுக்கு முன்னாடியே அவர் பெட்டிக்குள்ள வந்துட்டார்."

மணி அடித்தது. அவன் சொல்ல நினைத்தது எல்லாம் முடிந்திருந்தது. மணி அடித்தபோது தான் முடித்திருப்பது இதுதான் முதல் தடவை என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிள்ளை கண்ணாடியைத் துடைக்காமலே எழுந்தார். "பையைக் காட்டுதேன்னு வந்து, பை இல்லாததைக் காட்டி ஜெயிச்சவரு இவரு ஒருத்தர்தான். பட்டாபி சாமி இரண்டாமாண்டு. ஆனா ஒண்ணு, அந்தப் பொடி எழுத்தை இனிமே முதல்ல படிக்கணும், கேட்டீரா? பெட்டியில கடிகாரம் வைக்கது வேண்டாம். இந்தத் தகப்பனார் அங்கேயே இருக்கட்டும்."

ராஜமணி தன் துண்டைத் திருப்பிக் கேட்டான். சபை கொடுக்கக்கூடாது என்றது.

கீழே இறங்கிக் கிழக்கேகோட்டைப் பக்கம் நடந்தார்கள்.  கடைக்குத் திரும்புகிற முக்கில் அண்ணா நின்றான்.  அண்ணா சாவிக்கொத்தை எடுத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, வலியசாலைப் பக்கமே நடந்தான்.

"சாயங்காலத்துக்கு ஒரு பையனைப் போட்டுக்கறேன்," என்றான். அப்புறம், "குடை பூரா தண்ணி தெறிச்சுட்டியேடா," என்றான்.

வாசலில் வாலாம்பாளும் மன்னியும் காத்துக்கொண்டிருந்தார்கள். வாலாம்பாள் முதலில் பரணியைத்தான் பார்த்தாள்.

"பொறந்ததா?"

"அது ஆம்பளை, வாலா."

அவள் பரணிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் கை வைத்துக்கொண்டு, சிரிக்க ஆரம்பித்தாள். மன்னிக்கும் தொற்றிக்கொண்டது. "மாங்காய் நறுக்கி வைக்கவான்னு கேட்டேனே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பேர் நீக்கமா இல்லையா என்று கேட்க இரண்டு பேருக்கும் வெகுநேரம் மூச்சு வரவில்லை.

அண்ணா குடையைக் காயப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். யாருக்கும் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஏண்டா, அந்தத் தாய்ப்பாசி கல்லாத்துல எந்த இடத்துல இருக்குன்னே? ஞாயித்துக்கிழமை கடை மத்தியானத்தோட கட்டிடலாம். இதை அதும் பக்கத்துல கொண்டு போய் வச்சுட்டு வந்துடுவோம்."